பிள்ளை தன் சகோதரத்தைச் சொல்லால் நோகடிக்கும்போது: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு தாய் மட்டும் போகாமல் நிற்பார். "ரீச்சர், ஒரு விஷயம் கேக்கவேணும்" என்பார். அது பெரும்பாலும் படிப்பைப் பற்றியதாக இருக்காது. வீட்டில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லும் சொற்களைப் பற்றியதாக இருக்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும், என் இரண்டு பிள்ளைகளோடு நானே தட்டுத்தடுமாறிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காணமுடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சகோதரங்கள் என்றால் சண்டை பிடிக்கத்தானே செய்யும்? இதை ஏன் பெரிதாக எடுக்கவேண்டும்?

சண்டை வேறு, இது வேறு. ரிமோட்டுக்கும், சைக்கிளை ஆர் ஓடுவது என்பதற்கும், பொரித்த மீனில் பெரிய துண்டுக்கும் அடிபடுவார்கள். இரண்டு பேரும் கத்துவார்கள், அரைமணித்தியாலத்தில் ஒன்றாகப் பந்தடிப்பார்கள். அதற்கு நீங்கள் எழும்பவே தேவையில்லை.

நான் கவலைப்படுவது ஒரு பக்கமாகவே போகும் சொல்லுக்கு. எப்போதும் ஒரே பிள்ளை சொல்லும், ஒரே பிள்ளை வாங்கும். சொல்லப்படுவது அந்தப் பிள்ளையால் மாற்றமுடியாத ஒன்றாக இருக்கும்: நிறம், திக்கிக் கதைப்பது, படிப்பு ஏறாதது, இரவில் பாயில் சலம் போவது. அதுவும் ஆட்கள் இருக்கும்போது பார்த்துச் சொல்லப்படும். வாங்கிய பிள்ளை திருப்பிக் கத்தாமல் பேசாமல் போய்விட்டால் 'சண்டை முடிந்தது' என்று நினைக்கிறோம். எனக்கு அந்த மௌனம்தான் பயம்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்யவேண்டும்? எனக்கும் கோபம் வந்துவிடுகிறது.

முதலில் கிட்டப் போங்கள். குசினிக்குள் நின்று கத்துவது உதவாது. அது பிள்ளைக்கு நாளாந்தம் கேட்டுப் பழகிய சத்தம். அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு வசனம் சொல்லுங்கள்: "இந்த வீட்டில ஆரும் ஆரையும் அப்பிடிச் சொல்ல நான் விடமாட்டன்." அவ்வளவு போதும். ஆர் தொடங்கினது, ஏன் தொடங்கினது என்ற விசாரணை அப்போது வேண்டாம். கோபத்தில் நிற்கும் பிள்ளைக்கு அது ஒன்றும் காதில் ஏறாது. உங்கள் கோபத்துக்கும் இந்த ஒரு வசனம் நல்லது. இரண்டாவது வசனம் தொடங்கினால் நாங்களும் ஏதாவது சொல்லிவிடுவோம்.

பிறகு சொல் வாங்கிய பிள்ளையிடம் திரும்புங்கள். இதைத்தான் மறந்துவிடுகிறோம். சொன்னவனைக் கால்மணித்தியாலம் ஏசுவோம், நொந்தது கதவுக்குப் பின்னால் நிற்கும். "அவன் பகிடிக்குச் சொன்னவன், விடு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நொந்தது என்று தெரிந்த பிள்ளைக்கு 'நோகவில்லை' என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பதுபோல் ஆகிவிடும். "அது நோகும்தான். நீ அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை" என்று சொல்லிக் கொஞ்சநேரம் பக்கத்தில் இருங்கள். சொன்னவன் இதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பான். அந்தச் சொல்லால் அம்மா தன் பக்கம் வரவில்லை என்பதை அவன் அன்றைக்கே காண்கிறான்.

சொன்ன பிள்ளையோடு கதைப்பது பிந்தி இருக்கட்டும், ஆனால் அன்றைக்கே. கிணற்றடியில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகும்போது, நித்திரைக்கு முன்னர், எப்போதென்றாலும் சரி. முன்னால் இருத்தி வைத்துக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளை பக்கத்தில் நடக்கும்போது தானாகச் சொல்லும். "ஏன் சொன்னனி?" என்றால் "தெரியாது" என்பான். அது பொய்யில்லை, அவனுக்கு உண்மையில் தெரியாது. "அதைச் சொல்ல முதல் என்ன நடந்தது?" என்று கேட்டுப்பாருங்கள். "நான் வந்தது உங்களுக்குத் தெரியேல்ல, அவளுக்குத்தான் தலை இழுத்துக்கொண்டிருந்தனீங்கள்" என்று ஒருவன் தன் தாயிடம் சொன்னான். அந்த வீட்டில் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

உடனே மன்னிப்புக் கேட்கச் சொல்வது சரியா?

கேட்கச் சொன்னால் கேட்பான். தலையைக் குனிந்துகொண்டு "சொறி" என்று இழுத்துச் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். வாங்கிய பிள்ளைக்கு அது இரண்டாவது அவமானம். கோபம் அடங்கிய பிறகு, "தங்கச்சிக்கு நொந்துபோச்சு, இதைச் சரிக்கட்ட நீ என்ன செய்யப்போறாய்?" என்று கேளுங்கள். அவனே ஒன்று கண்டுபிடிப்பான். சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான், மாங்காய் பிடுங்கிக் கொடுப்பான், கிழிந்த கொப்பிக்கு உறை போட்டுக் கொடுப்பான். செய்கை முன்னால் வந்தால் வாய்ச்சொல் பின்னால் வரும்.

நாங்கள் வீட்டில் அப்படிக் கதைப்பதில்லை. இந்தச் சொற்களை எங்கிருந்து பொறுக்குகிறான்? ஒன்பது வயதில், தங்கச்சியைப் பார்த்து "நீதான் அப்பாவை விழுங்கினனி" என்கிறானே.

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய் அழுதுகொண்டுதான் கேட்டார். மகள் பிறந்து மூன்றாம் மாதம் தகப்பன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். அப்போது மகனுக்கு நாலு வயது.

தகப்பனை விழுங்கிய பிள்ளை என்ற சொல்லை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை தானாக உண்டாக்க முடியாது. அது எங்களுடைய பழைய சொல். செத்தவீட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்த பெரியவர்கள், "பிள்ளை பிறந்த பலன் சரியில்லை" என்று கதைத்திருப்பார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று நினைத்திருப்பார்கள். அந்த வயதுப் பிள்ளைக்குச் சாவு விளங்காது, ஆனால் 'ஆரோ செய்ததால் நடந்தது' என்பது மட்டும் நன்றாக விளங்கும். ஏழு வயதுவரை பிள்ளைகள் அப்படித்தான் யோசிப்பார்கள். தான் கோபத்தில் நினைத்ததுகூட நடந்துவிடும் என்று நம்புவார்கள். அதனால் அவனுக்கு முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. காரணம் தங்கச்சி, இல்லையென்றால் காரணம் தான். அன்று காலை அப்பாவோடு கோபம் போட்டுக்கொண்டு கதைக்காமல் இருந்ததாகப் பிறகு அவனே தாயிடம் சொன்னான். ஐந்து வருஷம் அதை நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

அந்தத் தாய் செய்தவற்றை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அது பலன் தந்தது. ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, அப்பா எப்படிச் செத்தவர் என்று நேராகச் சொன்னார். மழை பெய்தது, ரோட்டு வழுக்கியது, எதிரே லொறி வந்தது. ஆரும் பிறந்ததாலும் இல்லை, ஆரும் கோபம் போட்டதாலும் இல்லை. பிறகு, அந்தச் சொல்லை முதலில் சொன்ன சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், இனிமேல் பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். விதவைப் பெண் ஒருத்தி தன்னிலும் மூத்தவர்களிடம் போய் அப்படிச் சொல்வது எங்கள் ஊரில் லேசான காரியமில்லை. அவர்கள் ஒரு மாதம் கதைக்கவில்லை. பிள்ளை அந்தச் சொல்லை நிறுத்திவிட்டது.

ஆகவே வீட்டில் கதைப்பதில்லை என்று உறுதியாகச் சொல்ல முதல், ஒரு கிழமை காதைத் திறந்துவைத்துக் கேட்டுப்பாருங்கள். "மொக்கு", "விசர்", "மூதேவி", "சனியன்" எல்லாம் எங்களுடைய வாயிலும் இருக்கின்றன. மாட்டை ஏசும்போது, மனுஷனோடு கொளுவும்போது, பிள்ளை சோற்றைக் கொட்டும்போது வருகின்றன. நான் கேட்டுப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மூத்தவன் புலமைப்பரிசிலில் சித்தி. இளையவளை "மொக்கு" என்றே கூப்பிடுகிறான். நாங்கள் ஒப்பிடுவதே இல்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை 200 புள்ளிக்கு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு வெட்டுப்புள்ளி. பெறுபேறு வந்த அன்று தெருவெல்லாம் ஒரே கேள்விதான்: "எத்தனை?" நீங்கள் ஒப்பிடவேண்டியதில்லை, ஊரே உங்களுக்காக ஒப்பிட்டுத் தருகிறது. கனடாவிலிருந்து வீடியோ கோலில் வரும் பெரியப்பா முதலில் மூத்தவனிடம் புள்ளி கேட்கிறார், பிறகு "சின்னவள் எப்பிடி, அண்ணாவைப்போல வருவாளோ?" என்கிறார். அன்பாகத்தான் கேட்கிறார். மூத்தவனுக்கு மணிக்கூடு அனுப்புகிறார். இளையவள் ரீவிக்கு முன்னால் இருப்பதுபோல் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்கிறாள்.

பாராட்டு வாங்கும் பிள்ளைக்கும் ஒரு பயம் இருக்கிறது. புள்ளி குறைந்தால் இந்த இடம் போய்விடும் என்ற பயம். தங்கச்சியை "மொக்கு" என்று கீழே வைத்திருக்கும்வரை தன் இடம் பத்திரமாக இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. சொல்லால் நோகடிக்கிற பிள்ளைகள் பலரை நான் கவனித்ததில், எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் வீட்டில் தன் இடம் எது என்பதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு வட்ஸ்அப் வொய்ஸ் அனுப்புங்கள்: "இரண்டு பேரோடையும் கதைக்கேக்க புள்ளி கேக்காதேங்கோ. சின்னவள் வளக்கிற கோழியைப் பற்றிக் கேளுங்கோ." அவர் சந்தோஷமாகச் செய்வார். சொன்னால் செய்யக்கூடிய ஆட்களிடம் நாங்கள் சொல்வதில்லை. மூத்தவனிடம், புள்ளியோடு சம்பந்தமில்லாத ஒன்றைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். ஆட்டுக்குக் குழை வெட்டினான், அப்பம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினான் என்று ஏதாவது இருக்கும்.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று அண்ணன் பகிடி பண்ணுகிறான். எங்களையும் அப்படித்தானே சொன்னார்கள், நாங்கள் வளரவில்லையா?

வளர்ந்தோம். ஆனால் ஒருநாளாவது கண்ணாடிக்கு முன்னால் நின்று, அம்மாவின் மூக்கு எனக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் வளர்ந்தோமா?

வன்னியில் இந்தப் பகிடிக்கு வேறொரு பாரம் உண்டு. 2009 இற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் செத்துப்போன அக்காவின் பிள்ளை, காணாமல்போன தம்பியின் பிள்ளை, தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போன பிள்ளை என்று சேர்த்துத்தான் வளர்த்திருக்கிறோம், வளர்க்கிறோம். அப்படி ஒரு வீட்டில் "இது எங்கட வீடு, நீ உன்ர வீட்டை போ" என்று சொல்லப்பட்டால், அந்தப் பிள்ளைக்குப் போக வீடில்லை. இந்தச் சொல்லுக்கு மட்டும் நான் பகிடி, கோபம் எந்தச் சாட்டையும் ஏற்பதில்லை. அன்றைக்கே, அந்தப் பிள்ளைக்கும் கேட்கும்படி, வீட்டுக்குப் பெரியவர் சொல்லவேண்டும்: "இது இவளின்ர வீடும்தான்." கூப்பன் மட்டையிலும் பள்ளிக்கூடப் பதிவிலும் பேர் இருப்பதைக்கூட எடுத்துக் காட்டலாம். பிள்ளைகள் எழுத்தில் இருப்பதை நம்புவார்கள்.

இரண்டு அடி போட்டால் நிற்காதா? எங்கள் அம்மா வாயில் மிளகாய்த்தூள் வைப்பேன் என்பார்.

உங்களுக்கு முன்னால் நிற்கும். பள்ளிக்கூட பஸ்ஸிலும் கிணற்றடியிலும் தொடரும். இப்போது அடி வாங்கியதற்கும் சேர்த்துத் தங்கச்சியில் காட்டுவான், 'உன்னாலதான் எனக்கு அடி' என்ற கணக்கு ஒன்று புதிதாகத் தொடங்கும்.

மிளகாய்த்தூள் வைப்பது, கரண்டியால் சூடு வைப்பது எல்லாம் பிள்ளையைக் காயப்படுத்துவது. மிளகாய்த்தூள் கண்ணுக்கோ சுவாசக் குழாய்க்கோ போனால் ஆபத்து. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது இலங்கையில் 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308ஏ பிரிவின்படி குற்றம். பெற்றோர் செய்தாலும் குற்றம்தான்.

தண்டனை வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று பொருளில்லை. விளையாட்டில் சொன்னால் அன்றைய விளையாட்டு அத்தோடு முடிகிறது. போன் பார்க்கும்போது சொன்னால் போன் அலுமாரிக்குப் போகிறது. சின்னதாக, உடனே, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. மூன்று நாள் விட்டுப் பிடித்து நாலாம் நாள் வெடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இளையதுதான் சீண்டுகிறது. மூத்தவன் பாவம்.

இருக்கலாம். இளையது கொப்பியைக் கிழித்துவிட்டு அழுதுகொண்டு ஓடிவரும், பெரியவன் பேச்சு வாங்குவான். "நீ பெரியவன், விட்டுக்குடு" என்று நாளுக்கு எத்தனை தரம் சொல்கிறீர்கள் என்று எண்ணிப்பாருங்கள். மூத்த பிள்ளையின் கொப்பி, சட்டை, சைக்கிள் எதையும் கேட்காமல் தொடக்கூடாது என்ற சட்டம் இளையதுக்கும் வேண்டும். ஒரு தகரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக் கொடுத்ததில் பாதிச் சண்டை நின்ற வீடு எனக்குத் தெரியும்.

தம்பி இரவில் பாயில் சலம் போகிறான். அக்கா அதைப் பள்ளிக்கூட பஸ்ஸில் சொல்லிவிட்டாள். அவன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான்.

முதலில் தம்பி. ஏழு வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. சோம்பலும் இல்லை, பழக்கக் குறையும் இல்லை. நித்திரையில் அவனுக்குத் தெரியாமல் நடப்பது. பெரும்பாலும் தானாக நின்றுவிடும். மாதக்கணக்கில் நின்றிருந்தது திடீரெனத் திரும்ப வந்தால், அல்லது பகலிலும் போனால் வைத்தியரிடம் காட்டுங்கள். இதை அவனுக்கு அவன் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள், உன் வகுப்பிலும் இன்னொருவன் இருப்பான், அவனும் சொல்லமாட்டான் என்று.

காலையில் பாயை முற்றத்தில், ஆட்கள் பார்க்கும் கொடியில் காயப்போடுகிறோமா என்பதையும் பாருங்கள். அக்கா பஸ்ஸில் சொன்னதை நாங்கள் கொடியில் போட்டு ஊருக்குச் சொல்லியிருப்போம்.

அக்காவிடம் சொல்லவேண்டியது ஒன்று: வீட்டில் ஒருவரின் உடம்பு விஷயம் படலையைத் தாண்டக்கூடாது. அவளுக்கும் ஒரு இரகசியம் இருக்கும், அதையும் நீங்கள் அப்படித்தான் காப்பாற்றுவீர்கள் என்று சொல்லுங்கள். பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளைக்கு அந்த வாக்குறுதி பெரிய விஷயம். வகுப்பாசிரியருக்கும் ஒரு சொல் சொல்லிவையுங்கள். பஸ்ஸில் தொடங்கியதை வகுப்பில் நிறுத்த எங்களால் முடியும்.

தம்பி திக்குகிறவன் என்றாலும் இதே வழிதான். அதோடு ஒன்று: அவன் வசனத்தை அவனே முடிக்கட்டும். நீங்கள் முடித்துக் கொடுத்தால் அக்காவும் முடிப்பாள், நக்கலாக.

எனக்கு நேரமில்லை. விடியவே ஆடைத்தொழிற்சாலை பஸ் வந்துவிடும், திரும்ப இருட்டிவிடும். பிள்ளைகள் அம்மம்மாவோடு.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பத்து நிமிஷம் போதும், நாளுக்கு ஒருவர் என்று மாறிமாறி. தேங்காய் துருவும்போது பக்கத்தில் ஒருவரை மட்டும் கூப்பிடுங்கள். மற்றவர் வரக்கூடாது, நாளைக்கு அவர் முறை. அந்தப் பத்து நிமிஷத்தில் புத்தி சொல்லாதீர்கள், படிப்பைக் கேட்காதீர்கள், பிள்ளை சொல்வதைக் கேளுங்கள். சண்டை நாளிலும் இது நிற்கக்கூடாது.

அம்மம்மாவோடும் கதையுங்கள். அவர் ஒரு பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மற்றதை ஏசினால், நீங்கள் வந்து அந்தப் பத்து நிமிஷத்தில் கட்டுவதெல்லாம் பகலில் உடையும்.

பதினாலு வயது. இப்போது போனில் பார்த்த சொற்களால் தம்பியை நக்கலடிக்கிறான்.

இந்த வயதில் ஆட்களுக்கு முன்னால் திருத்தாதீர்கள், கட்டாயம் எதிர்ப்பான். தனியே, சுருக்கமாகச் சொல்லுங்கள். அவன் பார்க்கும் வீடியோ ஒன்றைப் பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கள். எதில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று கேளுங்கள், எதிரே நிற்கும் ஆள் சிரிக்கிறானா என்றும் கேளுங்கள்.

என் மகன் தம்பியை "செத்துப் போ" என்றான். நான் என்னை மறந்து அவனை அடித்துவிட்டேன். எனக்கும் ஒரு தம்பி இருந்தான். 2009 இல் மாத்தளனில் ஷெல் பட்டுப் போனான். முதல்நாள் சாப்பாட்டுக்குச் சண்டை பிடித்து நானும் அதையே சொன்னேன்.

அக்கா, இதை எழுதும்போது எனக்கும் கை நடுங்குகிறது.

உங்களுக்கு அப்போது பதினாறு வயது. பசி, பங்கருக்குள் மூச்சு முட்டும் வெக்கை. அந்த நேரத்தில் சொன்ன சொல் அது. உங்கள் சொல் அந்த ஷெல்லைக் கொண்டுவரவில்லை. மேலே எழுதிய ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவன் தாய் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், உங்களுக்கு அதை இதுவரை ஆரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் மகனுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியாது. அவன் கேட்டுப் பழகிய ஒன்றைச் சொன்னான். அவன் கண்டது, அம்மா திடீரென வேறு ஆளாக மாறியதை மட்டும்தான். அடித்ததற்கு அவனிடம் வருத்தம் சொல்லுங்கள். பிறகு மாமாவைப் பற்றிச் சொல்லுங்கள். சாவை முதலில் சொல்லவேண்டாம். இரணைமடுவில் நீந்தப் போனாரா, எதைத் திருடித் தின்றார், உங்களுக்கு என்ன பட்டம் தெளித்தார், அப்படித் தொடங்குங்கள். மற்றது இன்னொருநாள், அவன் கேட்கும்போது. படம் இருந்தால் காட்டுங்கள். அந்தச் சொல் ஏன் இந்த வீட்டில் கூடாது என்பது அவனுக்கு அதற்குப் பிறகு விளங்கும். அதோடு, நித்திரையில்லாமல், திரும்பத் திரும்ப அந்த நாளே வருகிறது என்றால், கீழே உள்ள உதவி உங்களுக்கும்தான்.

எப்போது வெளி உதவி தேடவேண்டும்? எங்கே?

வாங்கும் பிள்ளை சாப்பாட்டை, நித்திரையை, பள்ளிக்கூடத்தை விடத் தொடங்கினால். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், அதைப் பகிடியாக எடுக்காமல் அன்றைக்கே. சொல் கைக்கு மாறி, கல்லும் கத்தியும் வந்தால். நாய், பூனையை வேண்டுமென்றே வதைத்தால். வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள் வந்தால், அந்தப் பிள்ளைக்கு வெளியே ஏதும் நடந்திருக்கிறதா என்று மெதுவாகப் பார்க்கவேண்டும், ஏசிவிட்டு விடக்கூடாது.

பள்ளிக்கூடத்தில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருந்தால் அவரிடம் தொடங்கலாம். வீட்டுக்கு வந்துபோகும் குடும்பநல உத்தியோகத்தர் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவர், அவரிடமும் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேளுங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் 'விசர்' என்று ஊர் சொல்லும் என்று பயப்படுகிறவர்கள், காய்ச்சலுக்குப் போகும் அதே வாசலால்தான் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. மனநல உதவிக்கு 1926.